எடுத்தபடி

பிஸ்மார்க் விமான நிலையத்துக்கு ஒன்றரை மைல் முன்னால்
கடைசிப் பெட்ரோல் நிலையம்.
தப்பான பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.
குழாய் எட்டவில்லை.
மறுபடி ஏறிச் சுற்றிக்கொண்டு வந்தேன்.
பின்னால் காத்திருந்த பிக்கப்காரர்
ஹாரன் அடிக்காமல்
தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார்.
வட டகோட்டாவில் அதுதான் வசவு.

காலையில் பிரின்லி கேட்டாள்:
"மார்லிஸ், பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்துல
குட்டியா ஒரு முக்கோணம் இருக்கே, எதுக்கு?"
சும்மா அலங்காரம் என்றேன்.
"இல்ல, அது எதையோ காட்டுது."
இப்போதுதான் பார்க்கிறேன்.
டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று
நானூறு மைலாகக்
காட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

எங்கள் வண்டி கியர்பெட்டி போய்ப் பட்டறையில் கிடக்கிறது.
அதனால் இந்த வெள்ளைக் கார்.
வாடகைப் படிவத்தில் காரின் படம் இருந்தது,
முன்பக்கம், பின்பக்கம்.
ஏற்கெனவே இருந்த கீறல்களை வட்டமிட்டு
என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்,
நாளைக்கு என் தலையில் விழாமல் இருக்க.

போன நவம்பரில், இரவு பதினொன்றரைக்கு,
வேறொரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.
அதிலும் ஒரு படம்.
முன்பக்கம், பின்பக்கம்,
கை கால் விரித்து, முகமில்லாமல்.
அதிலும் வட்டங்கள்.
எண்ணக் கூடாது என்று எண்ணிக்கொண்டே
எண்ணினேன்.
பேனாவைத் தந்த அதிகாரி
வாசலில் நின்ற சிறுமியைப் பார்க்காமல்
கடிகாரத்தைப் பார்த்தார்.

வில்லிஸ்டனுக்குப் போகும் வழியெல்லாம் எண்ணெய் வயல்.
குழாய்களின் உச்சியில்
பட்டப்பகலில் எரிவாயு எரிந்துகொண்டிருந்தது.
"இன்னிக்கு யாருக்குப் பொறந்தநாள்?" என்றாள்.
அவளுடைய அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.
புதுச் சட்டை.
விலைச்சீட்டு தொங்கிய பிளாஸ்டிக் நூல்
கழுத்தோரம் இன்னும் அறுபடாமல்.
அதைப் பார்த்த பிறகு
வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்ட எதையும்
நான் சொல்லவில்லை.
இருமல் மருந்து ஐந்து மில்லி,
சாப்பாட்டுக்குப் பிறகு, என்றேன்.

டக்கென்று நின்றது குழாய்.
முப்பத்தெட்டு டாலர் அறுபத்திரண்டு சென்ட்.
போதும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.
இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.
டக்.
இன்னும் கொஞ்சம்.
டக்.
வழிந்து டயரில் சொட்டிய பிறகுதான் விட்டேன்.

பின் இருக்கையைத் தட்டிவிட்டேன்.
பிஸ்கட் தூள். ஒற்றைக் கையுறை, பச்சை.
தபாலில் அனுப்பலாம்.
முதல் மூன்று மாதம்
எதுவும் அனுப்ப வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

வண்டியைத் திரும்ப வாங்கும் பையனின் சட்டையில்
கோல்பி என்று பேர்.
ஒரு சுற்று வந்தான், குனிந்து முள்ளைப் பார்த்தான்.
"எடுத்தபடியே இருக்கு, தேங்க்ஸ்" என்றான்.
நானூற்று அறுபத்தொரு மைல் கூடியிருந்தது.
மைலுக்குக் கணக்கில்லையாம்,
எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாமாம்.
"ஃப்ளைட் எத்தனை மணிக்கு, மேடம்?"

எனக்கு ஃப்ளைட் இல்லை.
கண்ணாடிக் கதவருகே உட்கார்ந்திருந்தேன்,
பெட்டி இல்லாத ஒரே ஆள்.
ஒரு கிழவர் தன் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப்
பாத்ரூம் போனார்.
பார்த்துக்கொண்டேன்.
வந்து வாங்கிக்கொண்டார்.

ஆர்வில் வந்தான்,
பக்கத்து வீட்டு வெட்டரின் ட்ரக்கை இரவல் வாங்கிக்கொண்டு.
எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.
"வெட்டருக்கும் ரொப்பித்தான் குடுக்கணும்" என்றான்,
அதே நிலையத்துக்குள் திருப்பிக்கொண்டே.
"டேங்க் எந்தப் பக்கம்னு தெரியுமா உனக்கு?"
சாய்ந்து முள்ளுக்குப் பக்கத்தில் தேடினேன்.

முப்பது வருஷப் பழைய ட்ரக்.
முக்கோணம் இல்லை.